ஏசி படகின் ஈசான்ய மூலை

எங்கள் சங்கத்தில் ஆண்டு மலர் போடுகிறார்கள். படகு மெக்கானிக், ஃபிட்டர், எலக்ட்ரீஷியன் எல்லாரும் சேர்ந்த சங்கம். செயலாளர் போன் பண்ணினான்.

"அண்ணே, உன் அனுபவம் ரெண்டு பக்கம் எழுதிக் குடு."

"நான் எட்டாவது. அதுவும் ஃபெயில்" என்றேன்.

"அதான் சீக்கிரம் முடிப்ப. போன தபா எழுதுனவரு எம்.ஏ. பதினாறு பக்கம் எழுதிக்கினு வந்தாரு."

அதனால் எழுதுகிறேன்.

இப்போது பழைய படகு வாங்குகிறவனும் அதைச் சோதித்துச் சொல்கிறவனும் படகுக்கு அருகில் வருவதே இல்லை. போன மாதம் ஒரு சின்னப் பையன், இப்போது படகு சர்வேயராக இருக்கிறான், அடையாறில் காப்பிக் கடையில் உட்கார்ந்துகொண்டு கொச்சியில் நிற்கிற படகைச் செல்போனில் சோதனை பண்ணினான். அங்கே ஒருத்தன் வீடியோ காட்டுகிறான். இவன் இங்கே தலையாட்டுகிறான். "இப்ப ஈரம் பாக்க மெஷின் கீது நைனா. தரை மேல வெச்சா உள்ள எவ்ளோ ஈரம்னு நம்பர் காட்டும்" என்றான்.

நல்ல மெஷின். எனக்கு அதோடு சண்டை இல்லை. அது அன்றைக்கு இருந்திருந்தால் நான் வாயைத் திறக்க வேண்டி வந்திருக்காது. எனக்கு வேலையும் போயிருக்காது.

என் படிப்பைச் சொல்லிவிடுகிறேன். பதினாறு வயதில் காசிமேட்டில் இன்ஜின் பட்டறை. இரண்டு வருஷம் ஸ்பேனர் கழுவினேன். அப்புறம் ஸ்பேனர் பிடித்தேன். அப்புறம் மரவேலை, ஃபைபர் வேலை, குழாய் வேலை. முடிந்தது.

முப்பது வயதில் நரசிம்மன் சாரிடம் சேர்ந்தேன். அவர் படகு சர்வேயர். மயிலாப்பூரில் வீடு. எனக்குச் சாந்தோம். ஒருத்தன் பழைய படகு வாங்குகிறான் என்றால், வாங்குவதற்கு முன்னால் சாரைக் கூப்பிடுவான். இன்சூரன்ஸ்காரனும் கூப்பிடுவான். சார் பார்த்து எழுதிக் கொடுப்பார். உண்மையில் பார்க்கிறது நான். அவர் எழுதுவார்.

சேர்ந்த அன்றைக்கு ஒரே ஒரு விதி சொன்னார். "எங்கிட்ட இருக்கற வரைக்கும் வேற எவன் படகுலயும் ஒரு ஸ்க்ரூ கூட முடுக்கப்படாது. நாளைக்கு அந்தப் படகையே நாம பார்க்க வேண்டி வரும். புரியறதா?"

"புரியுது சார்."

இருபது வருஷம் அவரோடு போனேன். காலை ஆறரைக்கு ஸ்கூட்டரில் என் வீட்டு வாசலுக்கு வருவார். ஹாரன் அடிக்க மாட்டார். நிற்பார். நெற்றியில் நாமம், வெள்ளைச் சட்டை, பின்னால் கயிறு கட்டிய மடக்கு ஸ்டூல், பிளாஸ்கில் வீட்டுக் காப்பி. படகில் ஏறும் முன்னால் செருப்பைக் கழற்றி, கரையில் ஜோடியாக வைப்பார். ஓனர் கொடுக்கிற எதையும் தொட மாட்டார். தண்ணி கூட.

ஏறியதும் முதல் கேள்வி, "டாய்லெட் எங்க இருக்கு?"

எல்லாரும் அவருக்கு அவசரம் என்று நினைப்பார்கள். ஒருத்தர் துண்டு எடுத்துக் கொடுத்தார். சார் உள்ளே போய்ப் பார்ப்பார். ஒரு தடவை தண்ணி விடுவார். மூடியைத் தூக்குவார், இறக்குவார். வெளியே வந்து ஸ்டூலைப் போட்டு உட்காருவார். பாதி ரிப்போர்ட் அப்போதே அவர் தலையில் முடிந்திருக்கும். "கக்கூஸைப் பார்த்துக்காதவன் இன்ஜினையா பார்த்துக்கப் போறான்?" என்று ஸ்கூட்டரில் போகும்போது சொல்லுவார்.

ஒரு டாக்டர் படகு விற்றார். அவர் டாய்லெட்டில் பிரிக்காத இன்ஜின் ஆயில் கேன் பதினொன்று இருந்தது. இன்ஜினில் ஆயில் தார் மாதிரி இருந்தது. "வாங்கித்தானே வெச்சிருக்கேன்!" என்றார் டாக்டர். சார் அதை அப்படியே ரிப்போர்ட்டில் எழுதினார். 'ஆயில் வாங்கப்பட்டுள்ளது.'

என் வேலை சுத்தியால் தட்டுவது. முன்பக்கத்திலிருந்து பின்பக்கம் வரை, ஒரு சாண் இடைவெளியில். தட்டித் தட்டிக் காதால் கேட்க வேண்டும். எனக்கு மூன்று வார்த்தைதான் அனுமதி. கெட்டி. சொத்தை. தெரியலை. நான் சொல்லுவேன், சார் எழுதுவார். இருபது வருஷத்தில் ஒரு தடவை கூட 'நிஜமாவா' என்று கேட்டதில்லை.

ஒரு மீன்பிடி விசைப்படகில் தட்டினேன். சுத்தி உள்ளே போய்விட்டது. தண்ணி வந்தது. ஓனர் குதித்தார். "யோவ், என் படகுல ஓட்டை போட்டுட்டானே!"

சார் பேனாவை மூடவில்லை. "ஓட்டை இருந்தது. அவன் பார்த்தான்" என்றார்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

டி. நகரில் ஒரு பாத்திரக் கடை முதலாளி. வெளிநாடு போனபோது கேபின் குரூசர் பார்த்துவிட்டு வந்தார். கேபின் குரூசர் என்றால் படகுக்குள் வீடு. படுக்கை அறை, சமையல், குளியல் எல்லாம் உள்ளேயே. அதே மாதிரி வேண்டும், அதைவிட நன்றாக வேண்டும் என்றார். வெறும் ஃபைபர் உடம்பை வாங்கி, கோவளம் பக்கம் கழிமுகத்தில் ஒரு தனியார் துறையில் கொட்டகை போட்டு, உள்ளே வேலை நடந்தது. முப்பத்தெட்டு அடி. வருஷம் பன்னிரண்டு மாதமும் சொகுசாக இருக்க வேண்டும் என்பது அவருடைய உத்தரவு. ஏசி இரண்டு. ஜெனரேட்டர். வெந்நீர். சுவருக்குள் பஞ்சு. பொய்க் கூரை, அதில் முப்பது விளக்கு. அறையைச் சூடாக்க ஹீட்டரும் வைத்தார்கள். சென்னையில். மார்கழியில் ஒரு நாள் அதைப் போட்டுப் பார்த்தார்கள். முதலாளியின் மாமியார் மயங்கி விழுந்தார். அதோடு சரி.

அந்தக் கொட்டகை மேஸ்திரி எனக்குப் பழக்கம். "ஞாயித்துக்கிழமை வா, ஏசி குழாய் வேலை கீது" என்றான். எனக்கு அப்போது வீட்டுக்கு ஃப்ரிட்ஜ் வாங்க வேண்டியிருந்தது. சாரின் விதி ஞாபகம் இருந்தது. போனேன்.

அங்கே வாஸ்துக்காரர் ஒருத்தர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். கொட்டகைக்குள் படகின் மூக்கு கிழக்கே பார்த்து நின்றது. அவர் அதை வைத்துக் கணக்கு போட்டார். அக்னி மூலை தென்கிழக்கு, அதனால் சமையல் படகின் முன்பக்கம் வலது. அலையில் அதிகம் குதிக்கிற இடம் அதுதான். முதலாளி படுக்கை தென்மேற்கு. அதாவது இன்ஜின் பக்கத்தில். முன்பக்கம் இடது ஈசான்ய மூலை. அங்கே பூஜை அறை, அதற்கு ஓர் ஏசி.

சாமி அறை ஏசி என்றாலும் ஏசிதான். தண்ணி சொட்டும். நம் ஊர்க் காற்றுக்கு ஒரு நாளைக்கு இரண்டு வாளி வரும். பக்கத்திலேயே படகு உடம்பில் ஒரு துளை போட்டால் தண்ணி நேராகக் கடலுக்குப் போய்விடும். ஒரு மணி நேர வேலை.

"ஈசான்யத்துல கழிவுத் தண்ணி வெளியே போகக்கூடாது" என்றார் வாஸ்துக்காரர்.

"அப்போ வலது பக்கமா விடறேங்க."

"அது அக்னி மூலை. அங்க தண்ணியா?"

"எங்கதான் விடறது?"

"வாயு மூலை. வடமேற்கு."

வடமேற்கு என்றால் படகின் கடைசி. இருபத்தைந்து அடி. தரைக்கு அடியில் குழாய் ஓட வேண்டும். நடுவில் டீசல் டேங்க். குழாய் அதன்மேல் ஏறி இறங்க வேண்டும். தண்ணிக்கு வாஸ்து தெரியாது. அது ஏறாது.

முதலாளியிடம் சொன்னேன். "நீ குழாயைப் போடுப்பா. மத்ததை அவர் பாத்துப்பாரு" என்றார்.

போட்டேன். முடித்துவிட்டு ஒரு வாளி தண்ணி ஊற்றிப் பார்த்தேன். பின்பக்கம் அரை வாளி வந்தது. மீதி அரை வாளி எங்கே என்று நான் கேட்கவில்லை. சாயங்காலம் ஆறு மணி ஆகியிருந்தது. தரைப் பலகையை வைத்து மூடி ஸ்க்ரூ முடுக்கினேன்.

படகைத் தண்ணியில் இறக்கிக் கட்டினார்கள். மூக்கு மேற்கே திரும்பிவிட்டது. பூஜை அறை இப்போது தென்மேற்கு. வாஸ்துக்காரரிடம் கேட்டேன். "குழந்தை புரண்டு படுத்தா ஜாதகம் மாறுமாப்பா?" என்றார். பதில் நன்றாகத்தான் இருந்தது.

இரண்டு வருஷம் கழித்து இன்சூரன்சுக்காக அதே படகைப் பார்க்க சாரோடு போனேன். முதலாளிக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. பாத்திரக் கடையில் தினம் ஆயிரம் முகம் பார்க்கிறவர், மறந்திருப்பார். பூஜை அறையில் ஓரத்தில் தட்டினேன். சுவரை ஒட்டி, மரம் காய்ந்திருக்கிற இடமாகப் பார்த்து. "கெட்டி" என்றேன். சார் எழுதினார். கையெழுத்துப் போட்டார்.

அப்புறம் இரண்டு வருஷம். முதலாளிக்குப் படகு அலுத்துவிட்டது. இன்ஜின் சத்தத்தில் தூக்கம் இல்லை. முன்பக்கம் சமைத்தால் சாம்பார் சுவரில். சமையல்காரர் வேலையை விட்டு ஓடினார். முதலாளி படகை விற்கப் போட்டார்.

வாங்க வந்தது மந்தைவெளியிலிருந்து ஒரு ஜோடி. சுகந்தி மேடம், தயாளன் சார். மேடம் பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்தி ரிட்டயர் ஆனவர். தயாளன் சார் துறைமுகத்தில் ஓர் ஆபீசில் கிளார்க்காக இருந்தவர். "முப்பத்தஞ்சு வருஷம் கப்பல் காகிதத்துக்கு சீல் குத்தினேன். ஒண்ணுல கூட ஏறினதில்ல" என்றார். அவருக்கு வேர்க்குரு. சித்திரை வந்தால் முதுகு முழுக்க. அதனால் ஏசி படகு. ஃபிளாட்டை விற்றுவிட்டு, அந்தத் துறையிலேயே படகைக் கட்டிப்போட்டு, அதிலேயே குடியிருக்கப் போகிறார்கள். வெளிநாட்டில் இருக்கிற மகன் பைத்தியம் என்றானாம். ஃபிளாட்டுக்கு ஆள் வந்து முன்பணமும் கொடுத்தாகிவிட்டது. மாதக் கடைசிக்குள் காலி பண்ண வேண்டும்.

அதாவது இந்தப் படகு தவிர அவர்களுக்கு வேறு வீடு இல்லை.

நரசிம்மன் சார் டாய்லெட்டைப் பார்த்தார். பளபள என்று இருந்தது. யாரும் போனதே இல்லை. ஸ்டூலில் உட்கார்ந்தார். நான் தட்ட ஆரம்பித்தேன். மேடம் நோட்டுப் புத்தகத்தோடு என் பின்னாலேயே வந்தார்.

"இது என்ன சத்தம்?"

"கெட்டி மேடம்."

"இது?"

"இதுவும் கெட்டி."

"நல்ல சத்தம் ஒரு மாதிரி, கெட்ட சத்தம் ஒரு மாதிரின்னு சொன்னாத்தானே நான் கத்துக்க முடியும்? எல்லாம் கெட்டின்னா எப்படி?"

தயாளன் சார் படுக்கையில் படுத்துப் பார்த்தார். "தலையை எந்தப் பக்கம் வெக்கறது? வடக்கே வெக்கக் கூடாதும்பாங்களே."

"படகு திரும்பிட்டே இருக்கும். எப்படிப் படுத்தாலும் ஒரு நேரம் வடக்குதான். பேசாம படுங்க" என்றார் மேடம்.

பூஜை அறைக்கு வந்தேன். தரையில் தடிமனாகக் கம்பளம் ஒட்டியிருந்தார்கள். புதுசு. விற்பதற்காகப் போட்டது. அதன்மேல் தட்டினால் பஞ்சு மூட்டையில் தட்டின மாதிரி. ஒன்றும் கேட்காது.

என் மூன்றாவது வார்த்தை இருந்தது. அதில் பொய் இல்லை.

"தெரியலை" என்றேன்.

சார் எழுதினார். மேடம் திரும்பினார். "தெரியலைன்னா?"

"பார்க்க முடியலைன்னு அர்த்தம். எல்லாப் படகுலயும் ரெண்டு மூணு இடம் அப்படி இருக்கும். பார்த்த வரைக்கும் நல்ல படகு" என்றார் சார்.

முதலாளி சிரித்தார். "நான்தான் சொன்னனே மேடம். பாத்திரமும் சரி படகும் சரி, நம்மகிட்ட ஒரே தரம்."

மேடம் அங்கேயே செல்போனை எடுத்தார். ஃபிளாட் வாங்குகிறவருக்கு. "வணக்கம், சுகந்தி பேசறேன். வெள்ளிக்கிழமை சாவி தந்துடறோம். நீங்க பெயின்ட்டரை வரச் சொல்லலாம்..."

பூஜை அறையிலிருந்து டீசல் டேங்க் அடி வழியாக நீளமாக ஒரு மரச் சட்டம் போகிறது. அந்தச் சட்டத்தில்தான் இன்ஜின் உட்கார்ந்திருக்கிறது. நாலு வருஷமாக நல்ல தண்ணி அதன்மேல் சொட்டுகிறது. உப்புத் தண்ணி மரத்தை அவ்வளவு சீக்கிரம் கெடுக்காது. நல்ல தண்ணிதான் அழுக வைக்கும். அந்த இடம் தனித் தொட்டி மாதிரி அடைப்பு, படகுக்குள் சேரும் தண்ணியை இறைக்கிற பம்பு அங்கே எட்டாது. ஒரு நாள் சட்டம் நொறுங்கும். இன்ஜின் ஆடும். அதிலிருந்து விசிறிக்குப் போகிற தண்டு ஆடும். தண்டு வெளியே போகிற துளையில் கடல் உள்ளே வரும். இவர்கள் இரண்டு பேரும் ஏசியில் தூங்கிக்கொண்டு இருப்பார்கள்.

"மேடம், போனை வையுங்க" என்றேன்.

எனக்கு நாலாவது வார்த்தை கிடையாது. சார் நிமிர்ந்து பார்த்தார்.

"இங்க திறந்து பார்க்கணும் சார்."

"ஏன்?"

"கீழ குழாய் இருக்கு. ஒழுகுது."

"கம்பளத்துக்குக் கீழ இருக்கறது நோக்கு எப்படித் தெரியும்?"

"நான் போட்ட குழாய் சார்."

முதலாளி என் முகத்தை உற்றுப் பார்த்தார். இப்போது ஞாபகம் வந்துவிட்டது.

"அட, ஞாயித்துக்கிழமை ஆளு! இன்னாப்பா நீ, போட்டவனே இப்புடி சொன்னா? அது ஃபாரின் கம்பளம். கிழிக்க விட மாட்டேன்."

ஓனர் சம்மதம் இல்லாமல் ஒரு ஸ்க்ரூவைக்கூட எடுக்கக் கூடாது. அதுவும் விதி.

மேடம் முதலாளியைப் பார்த்தார். "படகு வாங்கினா கம்பளம் யாருக்கு?"

"உங்களுக்குத்தான்."

"அப்போ என் கம்பளத்தை நான் கிழிக்கறேன். இல்லேன்னா எனக்குப் படகே வேணாம். எது?"

முதலாளி கையை விரித்தார். நான் கத்தி எடுத்து வெட்டினேன். பலகையைத் தூக்கினேன். வாசனை வந்தது, பழைய கிணறு மாதிரி. கீழே கறுப்புத் தண்ணி. சட்டத்தில் ஸ்க்ரூடிரைவரை வைத்தேன். அழுத்தவில்லை. கைப்பிடி வரைக்கும் போய்விட்டது, புட்டுக்குள் விரல் போகிற மாதிரி. ஓரத்தில் வரிசையாக ஏதோ வெள்ளையாக முளைத்திருந்தது.

தயாளன் சார் குனிந்தார். "இது சமைக்கிற காளானா?"

"ஏங்க" என்றார் மேடம்.

"கேட்டேன். தெரிஞ்சுக்கறதுக்குத்தான்."

சார் ஸ்டூலிலிருந்து எழுந்து வந்தார். தரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"அன்னிக்கு இதே எடத்தைக் கெட்டின்னியே."

"சொன்னேன் சார்."

"பொய்யா?"

"தட்டின இடம் கெட்டி சார். சொத்தையா கேக்கற இடத்துல தட்டலை."

ரிப்போர்ட் தாளை எடுத்தார். 'தெரியலை' என்று எழுதியதை ஒரு கோடு போட்டு அடித்தார். 'சொத்தை' என்று எழுதினார். அடித்த இடத்தில் சின்னதாகக் கையெழுத்துப் போட்டார். செருப்பைப் போட்டுக்கொண்டு ஸ்கூட்டரை எடுத்தார்.

என்னை விட்டுவிட்டுப் போவார் என்று நினைத்தேன். நின்றார். ஏறினேன். ஸ்டூல் எனக்கும் அவருக்கும் நடுவில். திருவான்மியூர் தாண்டினோம். அடையாறு சிக்னலில் சிவப்பு.

"இன்சூரன்ஸ் ஆபீசுக்கு நாளைக்கு லெட்டர் எழுதறேன். அன்னிக்கு நான் குடுத்த ரிப்போர்ட் தப்புன்னு."

"என் பேரைப் போடுங்க சார்."

"உன் பேரு எதுக்கு? தட்டினது நீ. கையெழுத்து என்னோடது."

பச்சை விழுந்தது. வண்டியை எடுக்கும்போது சொன்னார். "நீ நாளையிலேர்ந்து வர வேண்டாம்."

ஆனாலும் வழியில் இறக்கிவிடவில்லை. சாந்தோமில் வீட்டு வாசல் வரை கொண்டுவந்து விட்டார். இறங்கினேன். போய்விட்டார்.

என் மனைவி ஸ்டெல்லா காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். "இன்னா, இவ்ளோ சீக்கிரம்?"

"வேலை போச்சு."

"எதுக்கு?"

"உண்மையைச் சொன்னேன்."

"இருவது வருஷத்துல இன்னிக்குத்தான் சொன்னியா?" என்றாள். ஃப்ரிட்ஜைத் திறந்து கத்தரிக்காயை உள்ளே வைத்தாள். நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

மறுநாள் காலை பத்து மணிக்கு வாசலில் ஆட்டோ. மேடம். தயாளன் சார் ஆட்டோவிலேயே உட்கார்ந்து முதுகைச் சொறிந்துகொண்டிருந்தார். மேடம் உள்ளே வரவில்லை.

"ஒரே கேள்வி. நீங்க கெடுத்ததை நீங்களே சரி பண்ண முடியுமா?"

"முடியும் மேடம்."

"எத்தனை மாசம்?"

"மூணு."

"நீங்க பொய் சொல்ற ஆளு."

"ஆமா மேடம்."

"அப்போ நாலு" என்றார். நோட்டில் எழுதிக்கொண்டார்.

முதலாளி கிடைத்த விலைக்கு மேடத்திடமே படகைத் தள்ளிவிட்டார். யாருக்கும் காட்ட முடியாத படகு அது. ஃபிளாட் சாவி வெள்ளிக்கிழமை கைமாறியது. மேடமும் தயாளன் சாரும் மந்தைவெளியிலேயே மேடத்தின் தங்கை வீட்டுக்குப் போனார்கள். ஏழு பேர், ஒரே பாத்ரூம். தயாளன் சாருக்கு ஹாலில் படுக்கை, காத்தாடிக்குக் கீழே கூட இல்லை. வாரம் இரண்டு தடவை கொட்டகைக்கு வந்து என் பக்கத்தில் உட்காருவார். "சீக்கிரம்னு சொல்லலை. காலையில அஞ்சு மணிக்கே க்யூல நிக்கறேன். அவ்வளவுதான் சொன்னேன்" என்பார்.

படகைக் கரையேற்றினேன். தரை முழுக்கப் பெயர்த்தேன். பூஜை அறையிலிருந்து இன்ஜின் வரை சட்டத்தை அறுத்து எடுத்தேன். அறுத்தேன் என்று சொல்கிறேன், பாதியைக் கையால் அள்ளினேன். எல்லாரும் உடனே புதுச் சட்டம் வைத்து ஃபைபர் போர்த்திவிடுவார்கள். ஈரத்தின்மேல் போர்த்தினால் இரண்டாவது வருஷமே அழுகும். மூன்று வாரம் ஃபேன் வைத்துக் காயவிட்டேன். தினமும் காலையில் உள்ளே படகு உடம்பின்மேல் ஒரு பிளாஸ்டிக் தாளை ஓரம் ஒட்டி வைப்பேன். சாயங்காலம் தாளுக்கு அடியில் பனித்திருந்தால் காயவில்லை. பனிக்காத நாள் வந்த பிறகுதான் ஃபைபர் ஒட்டுகிற ரெசின் டின்னைத் திறந்தேன்.

இன்ஜின் பக்கத்துப் படுக்கை ஸ்டோர் ரூம் ஆனது. சமையலைப் பின்னால் கொண்டுபோனேன். பூஜை அறை படுக்கை அறை ஆனது. ஹீட்டரைக் கழற்றித் தயாளன் சாரிடம் கொடுத்தேன். ஞாபகத்துக்கு வைத்துக்கொண்டார்.

கடைசியாக ஏசி குழாய். மேடம் சாக்பீஸ் எடுத்து, ஈசான்ய மூலையில் படகு உடம்பில் ஒரு வட்டம் போட்டார். தண்ணி மட்டத்துக்கு ஒரு முழம் மேலே. "இங்கே" என்றார். துளை போட்டேன். குழாய் நீளம் ஒன்றரை அடி. ஒரு மணி நேர வேலை.

நாலு மாதம் என்றது நாலரை ஆனது. நடுவில் மழை.

முடிந்ததும் நரசிம்மன் சார்தான் பார்க்க வேண்டும் என்று மேடம் பிடிவாதமாக நின்றார். வந்தார். அதே ஸ்டூல். சுத்தியோடு வேறு ஆள். நான் கரையில் நின்றேன். முதலில் டாய்லெட். அப்புறம் அந்த ஆள் தட்டினான். "கெட்டி" என்றான். "மறுபடி தட்டு" என்றார் சார். மறுபடி தட்டினான். கெட்டி. "இன்னொரு தரம்." பூஜை அறை இருந்த இடத்தில் மட்டும் பத்து தடவை தட்டச் சொன்னார்.

எழுதி மேடம் கையில் கொடுத்தார். செருப்பைப் போட்டுக்கொண்டு என்னைத் தாண்டிப் போகும்போது நின்றார்.

"கம்பளம் போடாதே" என்றார். போனார்.

அப்புறம் அவர் என்னை வேலைக்குக் கூப்பிடவில்லை. நானும் கேட்கவில்லை. ரிட்டயர் ஆகும் வரை ரிப்பேர் வேலைதான் பார்த்தேன். அவர் சொத்தை என்று எழுதின படகுகள் நிறைய என்னிடம் வந்தன. யார் அனுப்பினார்கள் என்று ஓனர்கள் சொன்னதில்லை. நான் விசாரிக்கவும் இல்லை.

அன்றைக்கு சார் போனதும் நான் சாமான்களை மூட்டை கட்டினேன். மேடம் ரிப்போர்ட்டை இரண்டு தடவை படித்தார்.

"பேப்பர் சரி. இப்போ நீங்க படுங்க."

"எங்க மேடம்?"

"முன் ரூம் கட்டில்ல. ஏசியை முழுசாப் போடறேன். சாயங்காலம் வரைக்கும் ஓடட்டும். எங்கயாவது நனைஞ்சா முதல்ல நீங்க நனையணும்."

"கையெல்லாம் ரெசின் மேடம்."

"கழுவிட்டுப் படுங்க."

கழுவிவிட்டுப் படுத்தேன். மேடம் ஒரு போர்வையைத் தூக்கிப் போட்டுவிட்டுக் கதவைச் சாத்தினார். என் வீட்டில் டேபிள் ஃபேன்தான். ஏசியில் படுத்தது அதுதான் முதல் தடவை. காதைச் சுவரில் வைத்தேன். முதலில் ஒன்றும் இல்லை. கால் மணி கழித்து வெளியே சொட்டு விழுந்தது. அப்புறம் இன்னொன்று. அப்புறம் விடாமல், நேராகக் கடலில். தரையைத் தொட்டுப் பார்த்தேன். காய்ந்திருந்தது. மறுபடி தொட்டேன். எத்தனை தடவை தொட்டேன் என்று தெரியவில்லை. கண் அசந்துவிட்டது.

விழித்தபோது காப்பி வாசனை. கட்டிலுக்குப் பக்கத்தில் பெட்டி நாலு, அரிசி மூட்டை, ஓர் உலக உருண்டை. தங்கை வீட்டிலிருந்து எல்லாம் வந்து சேர்ந்திருந்தது. எனக்குத் தெரியவே இல்லை. தயாளன் சார் சட்டை இல்லாமல் வாசலில் நின்று ஏசிக் காற்றில் முதுகைக் காட்டிக்கொண்டிருந்தார்.

மேடம் என் தலைக்குக் கீழே இருந்த தலையணையை உருவினார்.

"எழுந்திருங்க அந்தோணி. எங்களுக்குத் தூக்கம் வருது."